லண்டன் சாமான்

வியாழக்கிழமை பதினொன்றரைக்குக் கடிதம் வந்தது.
நான் திரும்பி வருவேன் என்பதில்
அவர்களுக்குத் திருப்தி இல்லையாம்.
தேவகோட்டை கூட்டுறவுச் சங்கத்தின்
பதினாறு வருடச் சம்பளச் சீட்டு,
நகைக்கடன் ரசீது, வீட்டுப் பத்திர நகல்,
எல்லாம் சேர்ந்தும் என்னை இழுத்து வரும் கனம் இல்லை.
கட்டிய பணமும் திரும்பாது.

லெஸ்டரில் உமையாளுக்குப் பிள்ளை பிறந்து
அன்றைக்கு இருபத்தொரு நாள்.

ஆபீசிலோ பட்டியல் போட்டு முடித்திருந்தார்கள்.
கமருன்னிசாவுக்கு ராணி படம் போட்ட டப்பா,
நிறைய வெண்ணெய் பிஸ்கட்டோடு.
சேவுகப்பெருமாள் சாருக்கு டீத்தூள், 'அசலா இருக்கணும்.'
ஆரோக்கியம் மகனுக்கு இரண்டு மாடிச் சிவப்பு பஸ்.
போகவில்லை என்று சொல்ல நா எழவில்லை.
போட்ட லீவைப் போட்டபடி
கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன்.
நாலாம் நாள் காரைக்குடி பஸ் ஏறினேன்.

முனீஸ்வரன் கோயில் தெருவில்
கூரைவரை ஏறிக் கிடக்கிறது சீமை.
காது உடைந்த பீங்கான் ஜாடி,
கிரீடம் தேய்ந்த எனாமல் தட்டு,
நேரம் காட்டாத கடிகாரம் பதினேழு.
'வெளிநாட்டுக்காரங்களுக்காம்மா?' என்றார் சிக்கந்தர்.
'இல்லை, உள்ளூர்க்காரங்களுக்கு.
வெளிநாட்டிலேர்ந்து வாங்கின மாதிரி இருக்கணும்.'
சிரிக்காமல் ஸ்டூல் போட்டு ஏறி
ராணியைத் தூசி தட்டி இறக்கினார்.
கன்னத்தில் கொஞ்சம் துரு. மற்றபடி நல்ல முகம்.

டீ, சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்தது.
குதிரையும் சிங்கமும் காவல் நிற்கும் பெட்டி.
அடியில் பொடி எழுத்தில் பார்த்தேன்:
இலை நீலகிரி.
மலையிறங்கிக் கப்பலேறி
பெட்டிக்குள் உட்கார்ந்து வந்திருக்கிறது;
அதனிடம் யாரும் சம்பளச் சீட்டு கேட்கவில்லை.
பஸ், கல்லுக்கட்டி பொம்மைக் கடையில்.
சீனாவில் செய்தது, பரவாயில்லை, சிவப்பாக இருந்தது.
பிஸ்கட், பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில் அரைக் கிலோ.

திங்கட்கிழமை டப்பாவைத் திறந்த கமருன்னிசா
மூக்கை உள்ளே விட்டாள்.
'பெருங்காய வாசனை அடிக்குதே மீனாள்.'
எந்த வீட்டு அடுக்களையில் எத்தனை வருடம்
ராணி பெருங்காயம் காத்தாளோ!
'அங்கே அப்படித்தான் சாப்பிடுறாங்க' என்றேன்.
என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள்.
பிறகு மூன்றாவது பிஸ்கட்டை எடுத்துக் கடித்து,
'மழை பெஞ்சுதா அங்கே?' என்றாள்,
எல்லாருக்கும் கேட்கும்படி.
'விடாமல்' என்றேன்.
அவளுக்குத் தெரியும். எனக்கும் அது தெரியும்.

ஒன்று மட்டும் பட்டியலில் இல்லாதது.
சிக்கந்தர் கடையில் கம்பிச் சட்டத்துக்குக் கீழே
தனியாகக் கிடந்த சின்னக் கரண்டி.
பிள்ளை வாய்க்கு அளவானது.
காம்பின் பின்னால் ஷெஃபீல்ட் முத்திரை.
புளி போட்டுத் தேய்த்ததில்
என் மூக்கு அதில் தலைகீழாகத் தெரிந்தது.

தபாலாபீசில் படிவம் நீட்டினார்கள்.
பொருள்: கரண்டி, ஒன்று, பழையது.
உருவான நாடு: இங்கிலாந்து.
சேர வேண்டிய நாடு: இங்கிலாந்து.
கவுண்டர் பெண் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.
'அங்கேயே வாங்கிக்க மாட்டாங்களா?'
'வாங்கிக்குவாங்க' என்றேன்.
தராசில் வைத்தாள். நாற்பத்திரண்டு கிராம்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.

'கடைசிக் கட்டத்தில் டிக் போடலையே' என்றாள்.
பட்டுவாடா ஆகாவிட்டால்
திரும்பி வர வேண்டுமா, வேண்டாமா?

பேனா கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது.
வேண்டாம் என்று போட்டேன்.